கம்பி முனையை முடிப்பது எப்படி? அறுவை முதல் ஆய்வு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

பம்ப் மோட்டார் ஷாஃப்ட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். விட்டம் மைக்ரோமீட்டரில் சரியாக இருக்கிறது, நீளமும் சரி. ஆனால் பேரிங்கை ஏற்றப் போனால் முனையிலேயே சிக்குகிறது. பிரஸ்ஸில் வைத்து அழுத்தினால் ஏறிவிடும்தான். கூடவே பேரிங்கின் உள்வளையத்தில் நீளவாக்கில் ஒரு கீறல் விழும், பொடி இரும்புத் துகளும் உள்ளே போய்ச் சேரும். முனையில் மயிரிழை கனத்துக்கு நின்ற பிசிறு, அதாவது வெட்டும்போது ஓரத்தில் மடிந்து நிற்கும் உலோக விளிம்பு, செய்த வேலை அது.

கோவையில் கணபதி, பீளமேடு, குறிச்சி சிட்கோ பக்கம் ஷாஃப்ட் வேலை செய்யும் சிறு பட்டறைகளை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். “பர் (பிசிறு) எடுத்தாச்சா?” என்று சரக்கை வண்டியில் ஏற்றும்போது கேட்பது மிகவும் தாமதம் என்பது என் உறுதியான எண்ணம். அறுக்கும் பிளேடை மாட்டும்போதே முனையின் தரம் பாதி முடிவாகிவிடுகிறது. அதனால் 25 மி.மீ. ஈ.என் 8 (நடுத்தரக் கார்பன் எஃகு) உருண்டைக் கம்பி ஒன்றை எடுத்துக்கொண்டு, ட்ராயிங்கில் தொடங்கி வேலை நடக்கும் வரிசையிலேயே போவோம்.

முதலில் ட்ராயிங்கைப் படியுங்கள்

முனையின் கூரைச் சாய்வாக வெட்டி எடுப்பதுதான் சேம்ஃபர். அதற்கு ட்ராயிங்கில் 1×45° என்று போட்டிருந்தால், கம்பியின் நீளவாக்கில் 1 மி.மீ., முகத்தில் (முனையின் தட்டையான வெட்டுப்பரப்பில்) ஆரத்தின் திசையில் 1 மி.மீ. என்று பொருள். ஆகவே 25 மி.மீ. கம்பியின் முகத்தில் மிஞ்ச வேண்டிய விட்டம் 23 மி.மீ. பலர் சாய்ந்த பரப்பின் அகலத்தை 1 மி.மீ. என்று எடுத்துக்கொள்கிறார்கள். சரியான 1×45° சேம்ஃபரில் அந்தச் சாய்வு 1.41 மி.மீ. இருக்கும். சாய்வையே 1 மி.மீ. ஆக்கினால் சேம்ஃபர் 0.7 மி.மீ. அளவுக்குச் சுருங்கிவிடும்.

45 டிகிரியில் இரண்டு பக்கமும் சமம் என்பதால் குழப்பம் குறைவு. 2×30° என்று வந்தால் கவனம் தேவை. நீளவாக்கில் 2 மி.மீ., அச்சுடன் 30 டிகிரி என்றால் ஆரத்தில் குறைவது 1.15 மி.மீ.தான், முகத்து விட்டம் சுமார் 22.7 வரும். கோணத்தை முகத்திலிருந்து அளந்துவிட்டால் ஆரத்தில் 3.46 மி.மீ. குறைந்து வேறொரு முனை வந்துவிடும். ட்ராயிங்கில் கோணக் கோடு எங்கிருந்து தொடங்குகிறது என்று பார்க்காமல் மெஷினைத் தொட வேண்டாம். ஜப்பானியக் கம்பெனி ட்ராயிங்குகளில் சி1 என்று மட்டும் இருக்கும். அது 1×45°-ஐத்தான் சொல்கிறது.

சேம்ஃபர் எதுவும் குறிக்காத முனைகளுக்கு ஐ.எஸ்.ஓ. 13715 தரநிலையின் குறியீடு இருக்கலாம். எல் வடிவக் கோட்டின் பக்கத்தில் ஓர் எண் நிற்கும். வெளி முனையில் −0.3 என்றால் 0.3 மி.மீ. வரை முனையை எடுத்துவிடலாம், பிசிறு இருக்கக் கூடாது. +0.3 என்றால் அந்த அளவுவரை பிசிறு நின்றாலும் பரவாயில்லை. இதுவும் இல்லாமல் “கூர் முனைகளை மழுக்கவும்” என்று பொதுவாக எழுதியிருந்தால், வாடிக்கையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். 0.2 முதல் 0.5 மி.மீ. என்பது பல இடங்களில் நடைமுறை, எல்லா இடத்துக்கும் அது பொருந்தாது. ஹைட்ராலிக் வால்வின் ஸ்பூலில் (உள்ளே நகரும் உருளையில்) எண்ணெயை அளந்துவிடும் முனைகள் கூராகவே இருக்க வேண்டும். பிசிறும் இருக்கக் கூடாது, மழுங்கவும் கூடாது. அங்கே நல்ல மனதோடு அரத்தை ஓட்டினால் உருப்படியே வீண்.

முனை எங்கே போய் உட்காரப் போகிறது?

எந்த முனைக்கு எவ்வளவு உழைப்பு என்பதை இந்தக் கேள்விதான் தீர்மானிக்கிறது. பேரிங் ஏறும் முனைக்கு வழிகாட்டும் சாய்வு வேண்டும். ஓ-ரிங் அல்லது ஆயில் சீல் ஏறும் முனைக்கு 45 டிகிரி செங்குத்து அதிகம். 15 முதல் 20 டிகிரி நீண்ட சாய்வும், அந்தச் சாய்வு விட்டத்தில் சேரும் இடத்தில் நல்ல வழவழப்பும் தேவை. இல்லாவிட்டால் ரப்பர் ஏறும்போதே கிழிந்துவிடும், மோட்டார் ஓடிய பிறகுதான் கசிவு தெரியும். திரெட் போடும் முனையில் சேம்ஃபர் திரெட்டின் அடி விட்டத்துக்குச் சற்றுக் கீழே இறங்க வேண்டும். எம்16 (16 மி.மீ. விட்டம்), 2 மி.மீ. பிட்ச் (பல்லுக்குப் பல் தூரம்) என்றால் முகத்தில் 13.5 மி.மீ.க்கும் கொஞ்சம் குறைவாக நிற்கட்டும். அப்போதுதான் முதல் பல் மெலிந்து மடங்காமல் நட்டு நேராகப் பிடிக்கும்.

பூச்சு வரப்போகிறதா என்றும் பாருங்கள். பெயின்ட் கூர் முனையில் தங்காமல் இரு பக்கமும் விலகி மெலிகிறது, துருவும் அங்கேதான் முதலில் பிடிக்கிறது. இரும்புக் கட்டமைப்புகளில் உயர்தரப் பெயின்ட் வேலைக்கு முனைகளை 2 மி.மீ. ஆரத்துக்கு உருட்டச் சொல்வது இதனால்தான். மின்முலாம் நேர் எதிர். கூர் முனையில் மின்னோட்டம் குவிவதால் குரோம் அங்கே கட்டிகட்டியாகத் தடித்துவிடும். ஹார்டனிங் (சூடாக்கிக் குளிர்வித்துக் கெட்டியாக்குதல்) செய்யப்போகும் உருப்படி என்றால் முனை வேலை முழுவதையும் அதற்கு முன்பே முடித்துவிடுங்கள். கூர் முனை குளிர்விக்கும்போது விரிசல் விடத் தோதான இடம். அதோடு, கெட்டியான பிறகு பிசிறை எடுக்கச் சாணையைத் தவிர வழி இருக்காது.

எந்த மெஷினுக்கும் போகாத கம்பிக்கும் இது பொருந்தும். கான்கிரீட் சாலையில் இரண்டு பலகங்களை இணைக்கும் டவல் கம்பி, வெயிலுக்கும் குளிருக்கும் கான்கிரீட்டுக்குள் வழுக்கி நகர வேண்டும். ஷியரில் (கத்தரிபோல் வெட்டும் மெஷினில்) வெட்டி முனை நசுங்கியோ பிசிறோடோ போட்டால் அது கொக்கிபோல் பிடித்துக்கொண்டு இணைப்பைப் பூட்டிவிடும். பிறகு பலகம் விரிசல் விடும். அதனால் அந்தக் கம்பியை ரம்பத்தில் அறுத்துச் சுத்தமான முனையோடுதான் போட வேண்டும்.

அறுவை: பிசிறு பிறக்கும் இடம்

பல் உலோகத்தை விட்டு வெளியேறும் பக்கத்தில்தான் பிசிறு நிற்கும். அங்கே பின்னால் தாங்க உலோகம் இல்லாததால் கடைசித் துணுக்கு வெட்டுப்படாமல் வளைந்து மடிகிறது. பேண்ட்சாவில் அறுத்த கம்பியைத் திருப்பிப் பாருங்கள், ஒரு பக்கத்தில் கை வைக்கலாம் போலிருக்கும், எதிர்ப்பக்கத்தில் வாள் மாதிரி நிற்கும்.

எந்த நேரத்திலும் குறைந்தது மூன்று பற்கள் உலோகத்துக்குள் இருக்க வேண்டும் என்பது பிளேடு தேர்வின் அடிப்படை விதி. 25 மி.மீ. கெட்டிக் கம்பிக்கு 6/10 பல் (அங்குலத்துக்கு 6 முதல் 10 பல்) பிளேடு ஒத்துவரும். புதுப் பிளேடை மாட்டியதும் முழு ஃபீடு (பிளேடு உள்ளே இறங்கும் வேகம்) கொடுக்காமல், முதல் சில அறுவைகளுக்குப் பாதியளவில் ஓட்டுங்கள். பல் நுனி பதமாகும், ஆயுளும் கூடும். மழுங்கிய பிளேடு வெட்டுவதைவிட உலோகத்தைத் தள்ளுவதுதான் அதிகம். பிசிறு திடீரென்று தடித்தால் அரத்தைத் தேடுவதற்கு முன் பிளேடைப் பாருங்கள். இன்னொன்று, அறுபட்டு விழும் துண்டுக்கு அடியில் ஒரு தாங்கல் வையுங்கள். கடைசி ஒரு மில்லிமீட்டரில் துண்டு தன் எடையிலேயே பிய்ந்து விழுந்தால் அந்த இடத்தில் கீற்றாக உலோகம் தொங்கும்.

கட்-ஆஃப் சக்கரத்தில் அறுத்தால் நிலைமை வேறு. சூட்டில் உருகிய உலோகம் முனையில் நீலம் பாய்ந்து ஒட்டியிருக்கும். ஈ.என் 8, ஈ.என் 24 போன்ற கம்பிகளில் சூடான அந்த மெல்லிய பகுதி, மீதிக் கம்பியின் குளிர்ச்சியிலேயே வேகமாக ஆறிக் கெட்டியாகிவிடும். லேத்தில் ஹெச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்) டூல் முதல் தொடுதலிலேயே முனை போவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். ஷியரில் வெட்டினால் ஒரு பக்கம் உருண்டு, மறுபக்கம் பிசிறு நின்று, வட்டமே கொஞ்சம் நசுங்கியிருக்கும். பேண்ட்சாவில் அறுக்கும்போது முகத்துக்கு ஒரு பக்கம் 1 முதல் 2 மி.மீ. கூடுதல் விட்டால் போதும். மற்ற இரண்டுக்கும் அதைவிடத் தாராளமாக விடுங்கள்.

லேத்தில் முகமும் சேம்ஃபரும்

கம்பியைச் சக்கில் பிடிக்கும்போது வெளியே நீட்டும் நீளம் விட்டத்தைப்போல் மூன்று மடங்குக்குள் இருக்கட்டும். மீறினால் மறுமுனையில் டெயில்ஸ்டாக் தாங்கல் வேண்டும். வேகத்துக்குக் கணக்கு சுலபம். வெட்டு வேகத்தை 1000-ஆல் பெருக்கி, விட்டத்தின் 3.14 மடங்கால் வகுக்க வேண்டும். ஹெச்.எஸ்.எஸ். டூலுக்கு நிமிடத்துக்கு 25 மீட்டர் என்று வைத்தால் 25 மி.மீ. கம்பி சுமார் 320 சுற்று ஓடும். கார்பைடு டிப் என்றால் 100 மீட்டர் வைத்தாலே 1270 சுற்று வரும். டூல் நுனி சரியாக மையத்தில் நிற்கட்டும், கொஞ்சம் தாழ்ந்தாலும் முகத்தின் நடுவில் காம்பு மிஞ்சும்.

சிறிய சேம்ஃபருக்கு 45 டிகிரியில் சாணை பிடித்த டூலை நேராக உள்ளே செலுத்தினால் போதும். 3 மி.மீ.க்கு மேல் போனால் முழு அகலமும் ஒரே நேரத்தில் உரசி நடுங்கும், பரப்பில் அலை விழும். அப்போது சுற்றைப் பாதியாகக் குறையுங்கள், ஃபீடை விட்டுவிட்டுக் கொடுக்காமல் உறுதியாகக் கொடுங்கள். அப்படியும் அடங்காவிட்டால் டூலைத் தாங்கும் காம்பவுண்ட் ஸ்லைடைக் கோணத்துக்குத் திருப்பி, சாதா டூலாலேயே மெதுவாக ஓட்டலாம்.

சேம்ஃபர் அடித்தாலே பிசிறு போய்விட்டது என்று நினைப்பதுதான் இந்த வேலையில் நான் அதிகம் பார்க்கும் தவறு. பெரிய பிசிறு போய், சேம்ஃபரின் இரண்டு ஓரத்திலும் இரண்டு சின்னப் பிசிறு புதிதாக நிற்கும். கண்ணுக்குத் தெரியாது, பேரிங்குக்குத் தெரியும். இதைத் தவிர்க்க வேலையின் வரிசையை மாற்றுங்கள். விட்டத்தில் 0.5 மி.மீ. கூடுதலாக, அதாவது 25.5-இல் நிறுத்துங்கள், முகத்திலும் 0.25 மி.மீ. மிச்சம் வையுங்கள். இப்போதே சேம்ஃபரை அடித்துவிடுங்கள், ஆனால் 1 மி.மீ.க்குப் பதில் 1.5 மி.மீ. அப்புறம் ஃபினிஷ் வெட்டில் ஆரத்தில் 0.25-உம் முகத்தில் 0.25-உம் போனால் மீதி சரியாக 1 மி.மீ. நிற்கும். பிசிறை ஃபினிஷ் வெட்டே கொண்டுபோய்விடும். அரத்துக்கு மிஞ்சும் வேலை ஒரு தொடுதல்தான்.

கணினி இயக்கும் சி.என்.சி. லேத்தில் இது இன்னும் எளிது. முகம், சேம்ஃபர், விட்டம் மூன்றையும் ஒரே ஓட்டத்தில் டூலை எடுக்காமல் ஓட்டுங்கள். எக்ஸ் 21, இசட் 1 (எக்ஸ் விட்டம், இசட் முகத்திலிருந்து நீளவாக்குத் தூரம்) என்ற புள்ளியிலிருந்து தொடங்கி எக்ஸ் 25, இசட் −1-க்குப் போனால், டூல் காற்றில் இருக்கும்போதே 45 டிகிரிக் கோட்டைப் பிடித்துவிடும். இங்கே டிப்பின் நுனி ஆரத்தை மறக்கக் கூடாது. நுனி ஆரத்தைக் கணக்கில் எடுக்கும் ஜி42 போன்ற ஈட்டுக் கட்டளை கொடுக்காமல் ஓட்டினால் 45 டிகிரி சேம்ஃபர் நுனி ஆரத்தின் 0.586 மடங்கு குறைந்து வரும். 0.8 டிப்பில் கிட்டத்தட்ட 0.47 மி.மீ. குறையும், நீங்கள் எழுதிய 1 மி.மீ. சேம்ஃபர் பாதியாகத்தான் விழும். புரோகிராம் சரியாக இருக்கிறதே என்று தேடிக்கொண்டே இருப்பீர்கள்.

பார்ட்டிங் செய்து, அதாவது லேத்திலேயே துண்டித்து, எடுக்கும் உருப்படிகளில் பின்முனையை மறந்துவிடுவார்கள். பார்ட்டிங் டூலைக் கொஞ்ச ஆழம் இறக்கி நிறுத்துங்கள். அந்தக் காடியின் ஓரத்தில் சேம்ஃபரை அடித்துவிட்டு, பிறகு முழுதாக வெட்டி எடுங்கள். மறுபடி சக்கில் மாட்டும் வேலை மிச்சம்.

ஷாஃப்டைத் தாங்க முகத்தின் நடுவில் போடும் சென்டர் துளையின் வாயையும் ஒரு முனையாகவே பாருங்கள். பிறகு சென்டரில் பிடித்து கிரைண்டிங் செய்யும் ஷாஃப்ட் என்றால், பி வகை சென்டர் டிரில் பயன்படுத்துவது நல்லது. அது 60 டிகிரிக் கூம்புக்கு வெளியே 120 டிகிரியில் ஒரு சாய்வை விடும். முகத்தில் அடிபட்டாலும் கூம்பு கெடாது.

அரமும் சாணையும்

கையால் எடுக்கும்போது அரத்தை முனைக்குக் குறுக்கே அடித்தால் பிசிறு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் மடியும், அவ்வளவுதான். அரத்தை 45 டிகிரியில் சாய்த்து முனையின் நீளத்தோடு ஓட்டுங்கள். வைஸில் செம்பு அல்லது அலுமினியத் தகட்டை இடையில் வைத்துப் பிடித்தால், முனையைச் சரிசெய்யப் போய் உடம்பில் பல் தடம் பதியாது. கைப்பிடி இல்லாத அரத்தைத் தொடவே வேண்டாம். அதன் வால் உள்ளங்கையில் ஏறிய காயம் மோசமானது.

ஓடும் லேத்தில் அரம் போட்டால் கைப்பிடி இடது கையில் இருக்க வேண்டும்; அப்போதுதான் முழங்கை சக்குக்கு மேலே போகாது. கையுறை, மோதிரம், தொங்கும் கை மடிப்பு எதுவும் கூடாது. எமரித் தாளை விரலில் சுற்றிக்கொண்டு ஓடும் கம்பியைப் பிடிக்கும் வழக்கத்தை இன்றோடு நிறுத்துங்கள். தாள் கம்பியில் சுற்றிக்கொண்டால் விரலும் கூடவே போகும். தாளை அரத்தின்மேல் வைத்துப் பிடித்தால் அதே பளபளப்பு கிடைக்கும்.

பெஞ்ச் கிரைண்டரில் தாங்கு பலகைக்கும் சக்கரத்துக்கும் இடைவெளி 3 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது, சக்கரத்துக்கு மேலே நிற்கும் நாக்குத் தகட்டுக்கு 6 மி.மீ. சக்கரம் தேயத் தேய இரண்டையும் நகர்த்திக்கொண்டே வர வேண்டும். புதுச் சக்கரத்தை மாட்டும் முன் தொங்கவிட்டு மரக் கைப்பிடியால் தட்டிப் பாருங்கள், மணி போல் ஒலித்தால் நல்லது. மந்தமாக ஒலித்தால் உள்ளே விரிசல். கம்பியை 45 டிகிரியில் காட்டி, கை நிற்காமல் உருட்டிக்கொண்டே வாருங்கள். நின்றால் அந்த இடம் பட்டையாகும், நீலம் ஏறும்.

ஆங்கிள் கிரைண்டரில் வட்டின் வேகத்தைப் படித்துவிட்டு மாட்டுங்கள். நொடிக்கு 80 மீட்டர் என்று குறித்த 100 மி.மீ. வட்டு நிமிடத்துக்குச் சுமார் 15,200 சுற்று வரை தாங்கும்; நான்கு அங்குல மெஷின் 11,000 சுற்று அளவில் ஓடுவதால் பாதுகாப்பு. பெரிய மெஷினின் கார்டை (பாதுகாப்பு மூடியை) கழற்றிவிட்டோ, சின்ன மெஷினில் பெரிய வட்டை நுழைத்தோ ஓட்டினால் அந்தக் கணக்கு எதுவும் நிற்காது. சாணைச் சக்கரத்தின் உச்சப் பாதுகாப்பு வேகத்தை மெஷின் பக்கத்திலேயே எழுதி ஒட்ட வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டத்தின் 30-வது பிரிவே சொன்னது. அந்தப் பலகை உங்கள் சுவரில் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஃப்ளாட், சதுரக் கம்பிகளில் வட்டமாக உருட்ட முடியாது என்பதால் ஒவ்வொரு ஓரத்தையும் தனியாக ஓட்ட வேண்டும். நீள ஓரங்களை முதலில் முடியுங்கள். மூன்று ஓரங்கள் சேரும் மூலைகளைக் கடைசியாக ஒரு தட்டு தட்டுங்கள். கை கிழிவது பெரும்பாலும் அந்த மூலையில்தான்.

உலோகம் மாறினால்

எஸ்.எஸ் 304 (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) தொட்டால் கெட்டியாகும் உலோகம். டூலை உரசவிட்டு யோசித்துக்கொண்டிருந்தால் மேற்பரப்பு இறுகி அடுத்த வெட்டு ஏறாது, அதனால் கூரான டூலோடு துணிந்து வெட்டுங்கள். சாதா இரும்பில் ஓட்டிய வட்டையும் கம்பிப் பிரஷையும் ஸ்டெயின்லெஸ்ஸில் போடவே கூடாது. ஒட்டிய இரும்புத் துகள் சில நாளில் துருப்பிடித்து, ஸ்டெயின்லெஸ்தான் துருவேறியது என்ற பழி உங்கள்மேல் வரும். தனி டப்பா, தனிப் பெயின்ட் அடையாளம் வையுங்கள்.

அலுமினியப் பிசிறு நீளமாக, மெத்தென்று வரும். அரப் பல்லில் அடைத்துக்கொள்ளாமல் இருக்கச் சுண்ணக்கட்டியைத் தேய்த்துக்கொள்ளுங்கள். இரும்புக்கான சாணைச் சக்கரத்தில் அலுமினியத்தைக் காட்ட வேண்டாம். துளைகள் அடைத்துச் சக்கரம் சூடேறி வெடிக்கலாம். அலுமினியத் தூளும் இரும்புப் பொறியும் சேர்ந்தால் தீப்பிடிக்கும். பித்தளையில் பிசிறு குறைவு, லேசாகத் தட்டினாலே உதிரும். வார்ப்பிரும்பில் பிசிறுக்குப் பதில் முனையே சில்லாகப் பெயரும் என்பதால், டூலை வெளியிலிருந்து உள்நோக்கி ஓட்டுங்கள்.

எண்ணிக்கை கூடும்போது

ஒரே அளவில் ஆயிரக்கணக்கில் வந்தால் அரம் கட்டுப்படியாகாது. இரண்டு முனையையும் ஒரே நேரத்தில் அடிக்கும் சேம்ஃபரிங் மெஷின்கள் உண்டு. கம்பி பக்கவாட்டில் நகர்ந்து வந்து நிற்கும், இரு பக்கத் தலையும் வந்து வெட்டிவிட்டுப் போகும். பார் ஃபீடர் (கம்பியைத் தானாக ஊட்டும் கருவி) வைத்த சி.என்.சி.க்குப் போகும் நீளக் கம்பிகளுக்கு முன்முனைச் சாய்வு கட்டாயம். பிசிறோடு போனால் கம்பியைப் பிடிக்கும் காலட்டின் வாயில் முட்டும், உள் பரப்பைக் கீறும். சின்ன பின்களுக்கு அதிர்வுத் தொட்டியில் செராமிக் கற்களோடு போட்டு எடுப்பது மலிவு. ஆனால் அது முனையை உருட்டும், 45 டிகிரிச் சாய்வு தராது. கூடவே உருப்படியின் எல்லா முனைகளையும் உருட்டிவிடும். கூர் முனை வேண்டிய உருப்படி அந்தத் தொட்டிக்குள் போகக் கூடாது.

ஆய்வு

விரலைத் தடவிப் பார்ப்பது வேண்டாம். கைக்கும் கேடு, தடித்த தோலுக்கு 0.05 மி.மீ. பிசிறு தெரியவும் தெரியாது. பஞ்சுக் குச்சியை முனையைச் சுற்றி ஓட்டுங்கள், இழை சிக்கினால் பிசிறு இருக்கிறது. 10 மடங்கு லென்ஸில் சேம்ஃபரின் இரண்டு ஓரத்தையும் பாருங்கள். அளவுக்கு, முகத்து விட்டத்தை வெர்னியரில் எடுத்து முழு விட்டத்திலிருந்து கழித்து இரண்டால் வகுத்தால் 45 டிகிரி சேம்ஃபரின் அளவு வந்துவிடும். மொத்த நீளத்தைப் பிசிறு எடுத்த பிறகே அளக்க வேண்டும், இல்லாவிட்டால் பிசிறும் நீளத்தில் சேர்ந்துவிடும். முதல் உருப்படி, டிப் மாற்றிய உடனே வரும் உருப்படி, பிளேடு மாற்றியதும் வரும் துண்டு ஆகிய மூன்றையும் தவறாமல் பாருங்கள். சாவிக் காடி பிறகு மில்லிங்கில் வரும் ஷாஃப்ட் என்றால், காடியின் ஓரங்களுக்காக ஆய்வு மறுபடியும் ஒரு முறை நடக்க வேண்டும்.

முடிந்த உருப்படிகளைக் கழுவித் துகள் போக்கி, துரு எண்ணெய் தடவி, முனைகள் ஒன்றோடொன்று மோதாதபடி மரத் தட்டில் வரிசையாக அடுக்குங்கள். கூடையில் கொட்டினால் ஒரு முனை அடுத்த ஷாஃப்டின் பேரிங் இடத்தில் விழுந்து புதுப் பிசிறை எழுப்பிவிடும். தூரம் போகும் சரக்குக்கு இரு முனையிலும் பிளாஸ்டிக் மூடி போட்டு அனுப்புங்கள்.